ஈரத் துண்டு

மூன்றாம் கட்டடத்தில் வெயில் உறைத்தது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் பெயர் டார்கஸ். மற்ற எல்லாருடைய பிடரியிலும் பொட்டு இருந்தது.

பொட்டு என்பது ஊர் வைத்த பெயர். சுகாதாரத் துறை கொடுத்த அட்டையில் வாயில் நுழையாத வேறொரு பெயர் அச்சாகியிருந்தது. நெற்றியில் ஒட்டுகிற பொட்டைப் போலவே இருக்கும், தோல் நிறத்தில். காலையில் குளித்துவிட்டுப் பிடரியில் ஒட்டிக்கொண்டால் வெயில் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். வேலூருக்கு அது வரமாக வந்தது. சுற்றிலும் மொட்டை மலைகள், நடுவில் அடுப்பில் ஏற்றிய வாணலி மாதிரி ஊர். பகலில் மின்சாரம் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் இறைக்கும் நிலையத்துக்கும் மட்டும்தான் என்றாகி வருடங்கள் ஆகிவிட்டன. ஏ.சி. என்பது பிள்ளைகளுக்குக் கேள்விப்பட்ட சங்கதி. மின்விசிறிகள் கூரையில் சும்மா தொங்கின. அந்த நிலையில் பொட்டு வந்தபோது ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். தோல் கம்பெனிக்காரர்கள் இன்னும் பெரிய கும்பிடு போட்டார்கள். உச்சிவெயிலிலும் வேலை நடந்தது. வீடுகளில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் இயந்திரங்கள் நிற்காமல் ஓடின. கைக்குழந்தைகள் அழுவதைக்கூட நிறுத்தின.

டார்கஸும் ஒரு காலத்தில் ஒட்டிக்கொண்டவள்தான். அவள் கணவர் சாலமோன் சன்னலோரம் உட்கார்ந்து தோல் வெட்டுவார். ஒருநாள் பகலில் சாப்பிடக் கூப்பிட்டாள், அவர் திரும்பவில்லை. கையில் கத்தி இருந்தது. முகத்தில் நல்ல காற்று வாங்குகிறவரின் சிரிப்பு இருந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தாள். கொதிக்கிற உடம்பு அது. தொட்ட கைக்குத் தெரியவில்லை. அவள் பிடரியிலும் பொட்டு இருந்ததே. பாவம், அசந்துவிட்டார் என்று தட்டை மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் இனி எழமாட்டார் என்று தெரிந்த அன்று ராத்திரி பிய்த்தெறிந்தவள்தான், மறுபடி ஒட்டவில்லை.

அந்தக் கோடையில் சாலமோனைப் போலச் சிரித்தபடியே போனவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அதன் பிறகுதான் விதி வந்தது. கட்டடத்துக்கு ஒருவர் பொட்டில்லாமல் இருக்க வேண்டும். எல்லாருக்குமாக வெயிலை அவர் உணர வேண்டும். இதற்கு மேல் தாங்காது என்று அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். சூடு காட்டும் கருவியை மாட்டிவிட்டால் போதாதா, எதற்கு ஒரு மனுஷியை வதைக்க வேண்டும் என்று விதியை அறிவித்த கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். வார்டு நர்ஸ் தில்ஷாத் அதற்குப் பதில் சொன்னாள்.

"அதெல்லாம் மாட்டிப் பாத்தாச்சுங்க. முள்ளு சிவப்புல நின்னாலும், எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னுட்டுத் தைச்சிக்கினே இருக்காங்க. பொட்டு உடம்பைக் குளிர வெக்கிறதில்ல. சுடுது சுடுதுன்னு கத்துற வாயைப் பொத்துது, அவ்ளோதான். தவிச்சுப்போன ஆளு ஒருத்தர் வாசல்ல வந்து நின்னாத்தான் ஜனங்க எழுந்திருக்கிறாங்க."

யார் அந்த ஆள் என்ற கேள்வி வந்தபோது டார்கஸ் கையைத் தூக்கினாள். அவளுடைய சபையில் நெற்றிப்பொட்டே வைப்பதில்லை, இந்தப் பொட்டு எதற்கு என்று யாரோ கேலி பேசினார்கள். அவளும் சிரித்தாள். தன் கைக்குத் தெரியாமல் போன சூட்டை இனி ஒருவருக்காவது தெரிய வைப்பதே தனக்கு விதிக்கப்பட்ட ஊழியம் என்று அவள் மனதுக்குள் கர்த்தரிடம் சொல்லிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

கட்டடத்தின் அடியில் தொட்டி அறை இருந்தது. விடியற்காலையில் லாரி வந்து தொட்டியை நிரப்பும். மணி அடித்ததும் எல்லாரும் இறங்கி, துணிகளை நனைத்துப் போர்த்திக்கொண்டு, கால்களைத் தண்ணீரில் விட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாளைக்கு அந்த ஒரு தொட்டித் தண்ணீர்தான். சீக்கிரம் இறங்கினால் கொடும்வெயில் வரும் முன்பே அத்தனை உடம்பின் சூட்டிலும் தண்ணீர் வெந்நீராகிவிடும். நேரம் கழித்து இறங்கினால் இறங்கிப் பயனில்லை. அந்தச் சரியான நேரத்தை டார்கஸின் உடம்பு சொல்ல வேண்டும். மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றின் வெண்கல மணியை மூன்றாம் மாடிப் படிக்கட்டின் உச்சியில், மொட்டைமாடிக் கதவை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். கட்டடத்திலேயே சூடான இடம் அது. முற்பகலிலிருந்து அவள் அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். வேர்வை வழிகிறவரை பயமில்லை. வேர்வை நின்று, தலை கனத்து, வயிற்றைப் புரட்டும்போது கயிற்றை இழுப்பாள். இழுத்துவிட்டு வாசல் வாசலாக இறங்கி வருவாள்.

கோடை தொடங்கியபோது மணி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தது. அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால். சித்திரை பாதியில் சோறு வடிக்கிற நேரத்துக்கே அடித்தது. மணி முன்னால் நகர நகர எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாய் திறந்து பேசியவர் முனிரத்தினம் ஒருவர்தான்.

முனிரத்தினம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். நெற்றியில் திருநீறும் வாயில் கிண்டலும் காய்ந்ததே இல்லை. டார்கஸை மணியக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார். "இன்னாம்மா மணியக்காரம்மா, இப்பிடியே போனா பல்லு வெளக்கறதுக்குள்ள அடிச்சிருவே போல கீது" என்பார். சிரித்துவிட்டு, அவள் தலையில் சுற்றிக்கொள்ள ஈரத் துண்டு ஒன்றைப் பிழிந்து கொண்டுவந்து கொடுப்பார். கட்டடத்தில் எல்லாருக்கும் அவள்மேல் மரியாதை இருந்தது. ஆனால் அவளுக்கு வெயில் அடிக்கிறது என்பதை நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தனக்குத் தாகம் எடுக்காதவனுக்கு அடுத்தவன் தாகம் எப்படி ஞாபகம் வரும்? ஊரில் ஒரு தண்ணீர்ப்பந்தல்கூட இல்லாமல் போனது அப்படித்தான்.

அந்த வாரம் டார்கஸுக்கு உடம்பு சரியில்லை. அக்குள், முதுகு எல்லாம் வேர்க்குரு புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. ராத்திரிகளில் சுவர்கள் கக்கிய சூட்டில் தூக்கம் அற்றுப்போனது. முதல் மாடிப் பச்சையம்மாள் ஏறி வந்து பார்த்துவிட்டு, ஒருநாள் நான் பொட்டு எடுத்துவிட்டு உட்காருகிறேனே அக்கா என்றாள். உனக்குக் குழந்தை இருக்கிறது, தைக்கிற வேலை இருக்கிறது என்று டார்கஸ் மறுத்துவிட்டாள். பச்சையம்மாளுக்குத் தமயந்தி என்று ஐந்து வயதுப் பெண். மணி அடித்ததும் டார்கஸ் முதலில் தட்டுவது அவர்கள் வாசலைத்தான்.

மறுநாள் காலை முனிரத்தினம் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழும் தோளில் ஈரத் துண்டுமாக இரண்டாம் மாடியில் டார்கஸின் வீட்டுக்கு வந்தார். டார்கஸ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கூழைக் குடிக்க வைத்தார். நீ இங்கேயே கொஞ்ச நேரம் படு, உச்சியில் நான் உட்காருகிறேன் என்றார். அவள் கேட்கவில்லை.

"உங்களுக்குப் பொட்டு இருக்குதேண்ணா. நீங்க உக்காந்து என்ன செய்ய?"

"முப்பது வருசம் விசில் ஊதனவன்மா நானு. எங்க நிக்கணும், எப்பக் கெளம்பணும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள். அவர் துண்டை அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டு, பிள்ளைக்குச் செய்கிற மாதிரி இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டார். பிடரியில் அவர் விரல் சற்று நேரம் நின்றது. முருகன் பார்த்துக்கொள்வான், உன் கர்த்தரும் பார்த்துக்கொள்வார், இரண்டு பேர் இருக்கும்போது உனக்கென்ன கவலை என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

சொம்பைக் கழுவி வைப்பதற்குள்ளேயே அவளுக்கு மாற்றம் தெரிந்தது. முதலில் முதுகு எரிச்சல் போயிற்று. பிறகு அறை முழுவதும் யாரோ மெல்ல விசிறியதைப் போல இருந்தது. அவள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். மேகமில்லை. ஆனாலும் மலைப்பக்கமிருந்து காற்று வருவதாகப் பட்டது. எத்தனை நாள் ஜெபம் இது! கண்ணீர் வந்தது. இன்று மணி தாமதமாகத்தான் அடிக்க வேண்டியிருக்கும், தொட்டித் தண்ணீர் மிஞ்சும், இந்த ஜனங்களுக்கு ஒருநாள் கிருபை கிடைத்தது என்று மண்டியிட்டு நன்றி சொன்னாள். அப்படியே பாயில் சாய்ந்தாள். உடம்பில் எங்கும் வேதனையில்லாத தூக்கம் வந்தது.

அவளை எழுப்பியது சத்தமில்லை, சத்தம் நின்றதுதான். கீழே பச்சையம்மாளின் தையல் இயந்திரம் ஓடும் கடகடப்பு காலை முதல் சாயங்காலம் வரை அந்தக் கட்டடத்தின் நாடித்துடிப்பு மாதிரி. அது கேட்கவில்லை. வேறு எந்த வீட்டிலிருந்தும் எதுவும் கேட்கவில்லை. மேசையில் நட்டு வைத்திருந்த மெழுகுவர்த்தி வளைந்து தலைகுனிந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். குளுகுளுவென்று இருந்தது. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தாள். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் கொஞ்சம் கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை ஏதோ வேறொருவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மற்றக் கையால் காய்ந்துபோயிருந்த துண்டை விலக்கிப் பிடரியைத் தடவினாள்.

அது அங்கே இருந்தது. வட்டமாக, ஓரம் லேசாகச் சுருண்டு.

பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஓடினாள். அப்போதும் சூடு தெரியவில்லை. மூன்றாம் மாடி உச்சியில் முனிரத்தினம் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். மணிக்கயிறு வலக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பழைய பழக்கம், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவரின் பிடி. பிடரியில் பொட்டில்லை, பொட்டு இருந்த இடத்தில் வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை டார்கஸ் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

அவர் விரல்களை விடுவிக்க நேரமில்லை. அவர் கையோடு சேர்த்துப் பிடித்தே கயிற்றை இழுத்தாள். இருவர் கையும் சேர்ந்து மணி அடித்தது. பிறகு இறங்கி ஓடி, முதல் மாடியில் தமயந்தியைத் தூக்கினாள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது, மூச்சு இருந்தது. பச்சையம்மாள் இயந்திரத்தின்மேல் தலையை வைத்துக் கிடந்தாள், உலுக்கியதும் விழித்தாள். அவள் கணவன் தயாளன் சன்னலோரம் தோல் அடுக்கிக்கொண்டிருந்தவன். அவன் விழிக்கவில்லை. இன்னும் சில வீடுகளில் கதவைத் தட்டியும் திறக்க ஆளில்லை.

சாயங்காலம் தொட்டி அறையின் மூலையில் தில்ஷாத் அவள் கைக்குக் கட்டுப் போட்டாள். டார்கஸ் யாரும் பார்க்காமல் சுருண்டுபோன அந்தப் பொட்டை அவளிடம் காட்டினாள். தில்ஷாத் அவள் முகத்தையும், துணி மூடிக் கிடத்தியிருந்த முனிரத்தினத்தின் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரைக் கிடத்தும்போது வெறும் பிடரியைத் தொட்டவள் அவள்தான்.

"அவருடையதா?"

டார்கஸ் தலையசைத்தாள். தனக்காக ஒருநாள் வெயிலைத் தாங்கிக்கொள்ளத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் மணி அடிக்காமல் எப்படி இருந்துவிட்டார், அதுதான் புரியவில்லை என்றாள். தில்ஷாத் கட்டுத்துணியின் நுனியை முடிச்சுப் போட்டாள்.

"காலையில ஒட்டுனதைக் கழட்டினாலும் அன்னிக்கு முழுக்க அது உள்ள வேலை செய்யும்க்கா. ஒரு ராத்திரி போனாத்தான் தெளியும். உங்களுக்கு அது தெரிய வழியில்ல, நீங்க ராத்திரியில கழட்டினவங்க. அவரு வெயிலுக்காகக் காத்துக்கினு உக்காந்திருக்காரு. அது அவருகிட்ட வரவே இல்ல."

அப்படியானால் அன்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் வெயில் அடிக்கவில்லை. டார்கஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுகூட இல்லாமல், அன்பு மட்டுமே செய்து இத்தனை பிணம் விழ முடியும் என்றால் ஆண்டவரிடம் எதைக் கேட்டு ஜெபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் தில்ஷாத்திடம் கேட்டாள். செத்தவருக்கு ஒரு நல்ல பெயராவது மிஞ்சட்டும் என்றாள். தில்ஷாத் அந்தப் பொட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பச்சையம்மாள் குழந்தையை மடியில் வைத்துத் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எல்லாரும் இருக்கும்போதே தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"ஏன்க்கா அடிக்கல?"

அறையில் எல்லார் முகமும் டார்கஸ் பக்கம் திரும்பியது. பொய் சொல்வது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

"தூங்கிட்டேம்மா" என்றாள்.

அதன் பிறகு அவளோடு யாரும் பேசவில்லை. அவளை மாற்ற வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஆனால் பொட்டை எடுத்துவிட்டு உச்சியில் உட்கார வேறு யாரும் முன்வரவில்லை. பேச்சு தானாக அடங்கிற்று. அவள் தினமும் ஏறிப் போய் உட்கார்ந்தாள். மணி அடித்தாள். வாசல் வாசலாக வந்தாள். கதவுகள் அவள் தட்டும் முன்பே திறந்தன, ஆட்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். முனிரத்தினத்தின் படத்துக்கு யாரோ பூ வைத்திருந்தார்கள். மணியக்காரி தூங்கினதைப் பார்த்துவிட்டு மணி அடிக்க ஓடி, அடித்துக்கொண்டே உயிர்விட்ட பெரியவர் என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் டார்கஸுக்கு நிம்மதியாக இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. மழைக்கான பேச்சே எங்கும் இல்லை. காலைக் கஞ்சி ஆறுவதற்குள் மணி அடிக்க வேண்டியதாயிற்று. தொட்டித் தண்ணீர் மத்தியானத்துக்கே சுட்டது. லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்று வார்டு அலுவலகத்தில் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நாளில் மணி அடித்தும் போக இடம் இருக்காது என்பது டார்கஸுக்குத் தெரிந்தது. பொட்டு வைத்திருந்தவர்களுக்கு அதுவும் தெரியவில்லை.

அப்படி ஒரு காலையில் படியேறும் காலடி கேட்டது. பச்சையம்மாள். தாலியில்லாத கழுத்து, கையில் பிழிந்த துண்டு. மணி அடிக்காத அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் அக்காவை நேராகப் பார்த்தாள். உன் உதடெல்லாம் வெடித்திருக்கிறது, இதைப் போட்டுக்கொள் என்று துண்டை நீட்டினாள்.

டார்கஸ் வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அதைக் கழுத்தில் போடவில்லை. முழுவதும் விரித்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். புண் ஆறாத உள்ளங்கையால் நுனியிலிருந்து நுனிவரை, இழை இழையாகத் தடவிப் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபடி தடவினாள். அதன் பிறகுதான் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட பின்பும் பிடரியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

தான் என்ன செய்தோம் என்பது, பச்சையம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பச்சையம்மாளின் பார்வை துண்டில் நின்றது. பிறகு முக்காலிக்குப் போயிற்று. பிறகு கயிற்றுக்கு. ஒவ்வொரு ஈரத் துண்டும் அந்தக் கட்டடத்தில் யார் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.    

"நீ தூங்கவே இல்ல" என்றாள் பச்சையம்மாள்.

"தூங்கினேன். அது பொய்யில்லம்மா."

பச்சையம்மாள் கீழே படியில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்து, கூந்தலை ஒரு கையால் ஒதுக்கி, பிடரியிலிருந்து எதையோ பிய்த்தாள். விரல் நுனியில் ஒட்டியிருந்ததைச் சுவரில் தேய்த்தாள்.

"இன்னிக்குத் தெளியாது இல்ல? பொட்டைப் பத்தி தில்ஷாத்து ஒருதடவ சொன்னா. நாளைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"கொழந்தை?"

"கொழந்தைக்காக யாராச்சும் ஒருத்தருக்குச் சுடணும் இல்லக்கா?"

டார்கஸ் துண்டின் ஒரு நுனியை எடுத்து அவள் தோளில் போட்டாள். இரண்டு பேருக்கு எட்டுகிற நீளம் இல்லை அது. கொஞ்சம் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. மொட்டைமாடிக் கதவின் இடுக்கில் வெளிச்சம் கோடாக விழுந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு இன்னும் மார்கழிக் காலைதான். டார்கஸின் நெற்றியில் வேர்வை அரும்பி, வழிந்து, நின்றது. அவள் காத்திருந்தாள், மறுபடி அரும்பவில்லை. தலை கனத்தது.

வெளியே சூரியன் இன்னும் மலையைத் தாண்டியிருக்கவில்லை. அவள் எழுந்து கயிற்றைப் பிடித்தாள்.